பெத்தெஸ்தாவில் பயின்ற மருத்துவர்கள்

எருசலேமில் ஒரு குளத்தருகே நோயுற்றோர் பலர் குணம் நாடிக் கிடந்ததை யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அக்குளத்தின் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று அமெரிக்காவில், வாஷிங்டன் நகரை அடுத்த மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது. நம் பொது மொழிபெயர்ப்பில் அக்குளம் 'பெத்சதா'. அவ்வூரார் வழக்கில் 'பெத்தெஸ்தா'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்றின் பெயரே நாளடைவில் ஊருக்கும் ஆகிவந்தது. மருத்துவமனை எதுவும் இல்லாத காலத்தில் இப்பெயரைச் சூட்டியவர்கள், பின்னாளில் அவ்வூர் எதற்குப் பெயர் பெறும் என்பதை எண்ணியும் பார்த்திருக்கமாட்டார்கள்.

1953 ஜூலையில் அங்கே தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஐந்நூறு படுக்கைகள். சேர்க்கப்படும் நோயாளர் எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஆய்வின் பங்காளர். கட்டடம் எழுப்பப்பட்ட முறையிலேயே ஒரு கருத்து அடங்கியிருந்தது. நோயாளர் அறைகளும் ஆய்வுக்கூடங்களும் ஒரே தளத்தில், சில அடி தூரத்தில் அமைக்கப்பட்டன. காலையில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்த மருத்துவர், அதே தளத்தில் நடந்து சென்று, அவர் குருதியைச் சோதனைக் குழாயில் ஆராயலாம்.

நாடி பார்க்கும் கையும் சோதனைக் குழாயைப் பிடிக்கும் கையும் ஒன்றாய் இருப்பது எளிதன்று. அதற்கு முன்னும் மருத்துவர்கள் ஆய்வு செய்ததுண்டு. ராபர்ட் கோக், வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவராய் இருந்துகொண்டே அடைப்பான் நோயின் கிருமியை ஆராய்ந்து 1876-இல் உலகுக்கு அறிவித்தார். நம் சென்னையில் 1881-இல் பணி தொடங்கிய ரொனால்டு ராஸ், 1894-இல் விடுமுறையில் இலண்டன் சென்றபோது பாட்ரிக் மேன்சன் நுண்ணோக்கியில் மலேரியா ஒட்டுண்ணியைக் காட்டியிராவிட்டால், 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைப் பிளந்து பார்த்திருப்பாரா என்பது ஐயமே. ஆனால் இவையெல்லாம் தனிமனிதரின் பிடிவாதமும் நல்வாய்ப்பும் கூடி நடந்தவை. மருத்துவரை ஆய்வாளராக்கும் பள்ளிகள் அரிதாகவே இருந்தன.

அது ஏன் தேவை என்று கேட்கலாம். மருத்துவம் பயின்றவர்க்கு அறிவியல் தெரியாதா? தெரியும், ஆயினும் அவர் பழகிய பழக்கம் வேறு. மூச்சுத் திணறி வருபவர் முன் மருத்துவர் ஐயுற்று நிற்க இயலாது; அரைகுறைச் சான்றுகளை வைத்தே அந்நொடியில் முடிவெடுக்க வேண்டும். அதற்கே அவரைப் பல ஆண்டுகள் பழக்கியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் கேட்பதோ நேர்மாறான பண்பு. முடிவைத் தள்ளிப்போடவும், தன் கருத்தைத் தானே மறுத்துப் பார்க்கவும், நூறு முறை தோற்று நூற்றோராம் முறை குழாயைக் கழுவவும் அங்கே பொறுமை வேண்டும். முப்பது வயதை நெருங்கும் ஒருவர் இந்தப் புதிய பழக்கத்தைக் கற்க, நல்ல ஆசிரியரும் ஓய்வான காலமும் தேவை.

பெத்தெஸ்தாவுக்கு மாணவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அறிவு வேட்கை மட்டுமன்று என்பதை மறைப்பதற்கில்லை. அச்சமும் கொண்டுவந்தது. கொரியப் போரின்போது, 1950-இல், மருத்துவர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. வியட்நாம் போர் மூண்டபின், மருத்துவக் கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர் ஏறக்குறைய எல்லோருக்கும் படை அழைப்பு காத்திருந்தது. பொதுச் சுகாதாரப் பணியில் அதிகாரியாக ஈராண்டு இருந்தால் அதுவும் படைச்சேவையாகவே கொள்ளப்படும். தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அப்பணியின் ஓர் அங்கம். எனவே நாட்டின் தலைசிறந்த மருத்துவ மாணவர்கள் அங்கே இடம் பெறப் போட்டியிட்டனர். இடம் பெற்றவர்களைப் பிறர் 'மஞ்சள் தொப்பியர்' என்று ஏளனம் செய்தார்கள். 'பச்சைத் தொப்பி' படைப்பிரிவினர் களத்தில் இருக்க, கோழைக்குரிய மஞ்சள் நிறம் இவர்களுக்கு என்பது அதன் பொருள். அப்படி அழைக்கப்பட்டவர்களே பின்னர் அப்பெயரைச் சிரித்தபடி சொல்லிக்கொள்ளலாயினர்.

அங்கு நடந்த பயிற்சியில் பட்டமும் இல்லை, தேர்வும் இல்லை. நோயாளரைக் கவனிக்கும் பொறுப்பு ஒருபுறம். தேர்ந்த அறிவியலாளர் ஒருவரின் கீழ் ஆய்வுக்கூடப் பணி மறுபுறம். மாலையில் வேதியியல், மரபியல் வகுப்புகள். ஆனால் பெரும்பாலான கல்வி, மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதாகவே இருந்தது. தச்சனிடம் உளி பிடிக்கக் கற்கும் பையனைப் போன்ற நிலைதான்.

1968-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தோரைப் பார்ப்போம். அந்த ஓர் ஆண்டுத் தொகுதியில் இருந்து நால்வர் பின்னர் நோபல் பரிசு பெற்றனர். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவராய் இருந்தபோதே நண்பர்கள். பெத்தெஸ்தாவில் பிரவுன், ஏர்ல் ஸ்டாட்மனிடம் சேர்ந்தார். உயிரணு தன் நொதிகளை எப்படி முடுக்குகிறது, எப்படி அடக்குகிறது என்பது ஸ்டாட்மனின் துறை. கோல்ட்ஸ்டைன், மரபுக் குறியீட்டின் பொருளைக் கண்டறிந்ததற்காக அதே ஆண்டு நோபல் பரிசு பெற்ற மார்ஷல் நைரன்பர்க்கிடம் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் இருவரும் கற்றவை பாக்டீரியா பற்றியவை. நோயாளர் கூடத்திலோ அவர்கள் கண்டது வேறு. அண்ணனும் தங்கையுமான இரு சிறுவர். பத்து வயதுகூட நிரம்பாதவர்கள். குருதியில் கொலஸ்ட்ரால் இயல்பைவிடப் பல மடங்கு. முதியோர்க்கு வரும் இதய நோய் அப்பிஞ்சுகளை வாட்டிக்கொண்டிருந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தைகள் அவர்கள்.

அக்குழந்தைகளை அதற்கு முன்னும் மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். நொதிகளை அறிந்த வேதியியலாரும் பலர் இருந்தார்கள். குழந்தைகளின் துன்பத்தைக் கண்ட கண்ணும் நொதியின் இயக்கத்தைக் கற்ற கையும் ஒருவரிடத்திலேயே அமைந்ததுதான் புதிது. சில ஆண்டுகள் கழித்து டாலஸ் நகரில் இருவரும் கூட்டாக ஆய்வைத் தொடங்கினர். இத்தகைய நோயாளரின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களையும் நலமுடையோரின் உயிரணுக்களையும் ஒப்பிட்டனர். நலமுள்ள உயிரணுவின் மேற்பரப்பில் குருதியில் வரும் கொலஸ்ட்ரால் துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் இருந்தன. உள்ளே போதிய கொழுப்பு வந்ததும் உயிரணு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நோயுற்ற குழந்தையின் உயிரணுவில் அந்த ஏற்பி வேலை செய்யவில்லை. வெளியே கொழுப்பு வெள்ளமாய்ப் பெருகி நின்றும், அதை அறியாமல் உள்ளே மேலும் மேலும் உற்பத்தி நடந்தது. ஸ்டாட்மனிடம் பாக்டீரியாவில் பயின்ற பாடம் மனிதக் குழந்தைக்கு விடை தந்தது. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளோடு தொடங்கிய ஸ்டாட்டின் மருந்துகள் எவ்வாறு கொழுப்பைக் குறைக்கின்றன என்பதும் இவர்கள் ஆய்வால் தெளிவாயிற்று. 1987 முதல் அவை நோயாளர் கைக்கு வந்தன. இன்று நம் வீடுகளிலும் பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியில் ஒன்று இருக்கும்.

ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் அனுபவம் வேறு. படிப்பில் எப்போதும் முதல்வராய் இருந்தவர்க்கு ஆய்வுக்கூடத்தில் முதல் ஓராண்டுக்கு மேல் எதுவும் பலிக்கவில்லை. ஆய்வு தமக்கு உரியதன்று என்று முடிவுசெய்து, மருத்துவமனைப் பயிற்சிக்குத் திரும்ப ஏற்பாடு செய்துகொண்டார். புறப்படும் காலத்தில்தான் சோதனைகள் பலன் தரத் தொடங்கின. திரும்பிச் சென்று சில மாதங்கள் நோயாளரை மட்டும் பார்த்தபோது, எதையோ இழந்ததுபோல் உணர்ந்து மீண்டும் ஆய்வுக்கே வந்தார். 2012-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது.

நான்காமவர் ஹெரால்டு வார்மஸ். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்பே மருத்துவத்துக்கு வந்தவர். மாணவராய் இருந்தபோது நம் நாட்டில், பரேலியில் கிளாரா ஸ்வைன் மருத்துவமனையில் சில மாதங்கள் பணியாற்றினார். அது மெதடிஸ்ட் மறைப்பணியாளரான ஒரு பெண் மருத்துவரின் பெயரைத் தாங்கிய இல்லம். மறைப்பணி மருத்துவராகும் ஆவல் அங்கே அவருக்குத் தணிந்ததாம். பெத்தெஸ்தாவில் அவரைச் சேர்த்துக்கொண்ட ஐரா பாஸ்டனின் மனைவி லிண்டா ஒரு கவிஞர். இலக்கியம் படித்தவர் என்று ஒதுக்காமல் ஏற்ற அந்த வீட்டுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது. புற்றுநோய் மரபணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1989-இல் வார்மஸ் பரிசு பெற்றார். 1993 முதல் 1999 வரை தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் இயக்குநராகவும் இருந்தார். இயேசு சபையாரின் பள்ளியிலும் திருச்சிலுவைக் கல்லூரியிலும் பயின்ற அந்தோணி ஃபௌசியும் அதே 1968-இல் வந்தவரே.

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன். அதே மருத்துவமனையில் வேறு சில இளைஞர்களும் இருந்தார்கள். இயல்பான உடல் எப்படி இயங்குகிறது என்று அறிந்தால்தானே நோயுற்ற உடலை ஒப்பிட முடியும்? அதற்காக 1954 முதல் நலமுள்ள தன்னார்வலர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் மெனோனைட், சகோதர சபை போன்ற அமைதித் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். கொலை செய்யமாட்டோம் என்று மனச்சான்றின்படி ஆயுதம் மறுத்தவர்கள். படைச்சேவைக்கு ஈடாகத் தங்கள் உடலையே ஆய்வுக்குத் தந்து படுக்கையில் கிடந்தார்கள். போரை வெறுத்தவரும் போருக்குத் தப்பியவரும் ஒரே தளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் கையில் ஊசி, மற்றவர் கையில் அது குத்தும் இடம். மருத்துவர்களின் பெயர்களை உலகம் அறியும். படுத்திருந்தவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

அந்த மருத்துவர்கள் செல்லாத இடத்துக்கு வேறு மருத்துவர்கள் சென்றார்கள் என்பதும் உண்மை. புகழ்பெற்ற கல்லூரிகளில் படித்தவர்க்குத் திறந்த கதவு, சாதாரணக் கல்லூரியில் படித்தவர்க்கு எளிதில் திறக்கவில்லை. படை அழைப்பே இல்லாத பெண் மருத்துவர்கள் அப்பயிற்சியில் மிகச் சிலரே இருந்தனர். பின்னர் கிடைத்த மருந்துகளால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்று காட்டி அந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துவோர் உண்டு. என்னால் அப்படிக் கணக்குத் தீர்க்க இயலவில்லை. நன்மை விளைந்தது என்பதால் வழி நேர்மையானது என்று ஆகிவிடாது. வழி கோணல் என்பதால் விளைந்த நன்மை பொய்யுமாகாது.

1973-இல் கட்டாயப் படைச்சேவை நின்றது. பெத்தெஸ்தாவின் வாயிலில் முன்போல் நெருக்கம் இல்லை. 1979-இல் ஜேம்ஸ் வின்கார்டன் என்னும் மருத்துவர், ஆய்வில் ஈடுபடும் மருத்துவர் அருகிவரும் உயிரினமாகிவிட்டார் என்று எழுதினார். கடன் சுமையோடு கல்லூரியை விட்டு வரும் இளைஞர், வருவாய் தரும் மருத்துவத்தை விட்டு ஐயங்கள் மட்டும் தரும் ஆய்வுக்கு ஏன் வரவேண்டும்? மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்த்துத் தரும் திட்டம் 1964-லேயே மூன்று கல்லூரிகளில் தொடங்கப்பட்டிருந்தது. இன்று அதுவே பெருவழி. ஆனால் அவ்வழி, இருபது வயதிலேயே ஆய்வாளராவதென்று முடிவுசெய்தவர்க்கு உரியது. நோயாளியின் படுக்கையருகே நின்றபோது கேள்வி பிறந்தவர்க்குப் பழைய வழிதான் பொருந்தும். அவருக்கும் அரைகுறைப் பயிற்சி போதாது. அடிப்படை அறிவியலை ஆழக் கற்காத மருத்துவப் பேராசிரியர்களைப் பற்றும் 'முடக்குவாதம்' பற்றி 1986-இல் கோல்ட்ஸ்டைன் பாதி வேடிக்கையாகவும் பாதி வேதனையாகவும் பேசினார். புதிய கருவியைக் கையிலெடுக்கும் துணிவை அதற்கு மருந்தாகச் சொன்னார்.

ஹார்வி ஆல்ட்டர் 1961-இல் இளம் மருத்துவராகப் பெத்தெஸ்தாவின் குருதி வங்கிக்கு வந்தவர். குருதி ஏற்றப்பட்டவர்களுக்குப் பிறகு ஏன் கல்லீரல் கெடுகிறது என்பதே அவர் கேள்வி. இடையில் சில ஆண்டுகள் வெளியே சென்று, 1969-இல் திரும்பினார். அறியப்பட்ட இரு கிருமிகளும் காரணமல்லாத கல்லீரல் அழற்சி ஒன்று உண்டு என்று 1975-இல் அவரும் தோழர்களும் காட்டினர். அந்தக் கிருமியை வேறொரு ஆய்வுக்கூடத்தார் 1989-இல் கண்டறிந்து, 'சி' என்று பெயரிட்டனர். நோயாளரிடமிருந்து ஆல்ட்டர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக் குளிரில் பாதுகாத்து வைத்திருந்த குருதி மாதிரிகளே அக்கண்டுபிடிப்பைச் சோதித்து உறுதிசெய்ய உதவின. 2020 அக்டோபரில் நோபல் பரிசுச் செய்தி வந்தபோது அவருக்கு வயது 85.