ஏழு வயது வரை

பெற்றோர் பிரிந்தால் குழந்தை யாருக்கு உரியது? 1836ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்திற்கு இதில் ஐயமே இல்லை, தந்தைக்கே உரியது. அவ்வாண்டில் எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் மூன்று புதல்வரையும் அவர் கணவர் கொண்டுபோய்விட்டார். அவர்களைக் காணும் உரிமைகூட அத்தாய்க்கு இல்லை. அவ்வம்மையார் எழுதுகோலையே துணைக்கொண்டு, சிறு பிரசுரங்கள் எழுதி வாதாடினார். டால்ஃபோர்டு என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் மசோதா கொணர்ந்தார்; 1839இல் அது சட்டமாயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் ஒப்புவிக்குமாறு தாய் நீதிமன்றத்தை வேண்டலாம்; மூத்த பிள்ளைகளைக் காண அனுமதி கோரலாம். ஒழுக்கம் தவறியவளென்று தீர்ப்புப் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. தந்தையின் ஒழுக்கத்தையோ, பாருங்கள், எவரும் கேட்கவில்லை!

கரோலினுக்கு அச்சட்டம் உதவியதா? பிள்ளைகளைக் கணவர் ஸ்காட்லாந்திற்கு அனுப்பிவிட்டார். ஆங்கிலச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் இளைய மகன் குதிரையிலிருந்து வீழ்ந்து காயமுற்றான். தாய் சென்று சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.