ஆலைத் தொழிலாளர் வேலையிழப்பு உதவி (இலங்கை, வன்னி)

வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்ததால் ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் பணம், பயிற்சி முதலியவை இத்தலைப்பில் அடங்கும். அமெரிக்கா இதற்கென 1962இல் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியம் 2007இல் தொடங்கியது. இந்தியா 1986இல் துணி ஆலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதியை ஏற்படுத்தி, ஆலை மூடியபின் முதலாண்டில் கூலியில் 75 சதவீதம், அடுத்த ஆண்டில் 50, மூன்றாமாண்டில் 25 என்று குறைத்துக் கொடுத்தது. இலங்கையில் இறக்குமதியைக் காரணமாகக் காட்டிப் பெறக்கூடிய நிலையான உதவி எதுவும் உருவாகவில்லை. வேலை எதனால் போயிற்று என்று இலங்கைச் சட்டம் கேட்பதில்லை. அனுமதி வாங்கி நிறுத்தினார்களா என்பதே அதன் கேள்வி.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது முதுமைக்கான சேமிப்பு, வேலையிழப்புக்கான உதவி அன்று.

அனுமதி கேட்கும் அந்த மூலச் சட்டம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டமாகும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்துள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இன்றி நிறுத்த வேண்டுமானால், அவரது எழுத்துமூல இணக்கமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். சட்டம் பிறந்த காலத்தில் ஆலைகளைப் பிடித்திருந்த நோய் இறக்குமதிக் குவிப்புக்கு நேர் எதிரானது: அந்நியச் செலாவணி இல்லை, ஆகவே மூலப்பொருளும் உதிரிப்பாகமும் வரவில்லை, இயந்திரம் நின்றது. இறக்குமதி கதவடைத்திருந்த நாட்களில் எழுதிய சட்டத்தையே, 1977 நவம்பரில் கதவு திறந்த பிறகும் நாடு கையில் வைத்திருந்தது. 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் தந்தது.

இழப்பீடு எவ்வளவு என்பது நெடுங்காலம் ஆணையாளரின் விருப்புக்கு விடப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தை அடுத்து 2005இல் கணக்கு ஒன்று வகுக்கப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறு முதல் பதினான்குவரை இரண்டு, பத்தொன்பதுவரை ஒன்றரை, இருபத்துநான்குவரை ஒன்று, முப்பத்துநான்குவரை அரை. ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு 48 மாதம். பத்தாண்டு உழைத்தவர் இருபத்திரண்டரை மாதச் சம்பளத்துடன் வீடு போவார். உச்சவரம்பு 12 1/2 இலட்சம் ரூபாயாக இருந்து 2021இல் 25 இலட்சமாயிற்று. தாளில் தாராளமான கணக்குத்தான். ஆனால் பணம் முதலாளியின் கையிலிருந்தே வர வேண்டும்; அவரே நொடித்துப்போனால் ஏணியை எங்கே சாத்துவது?

வட இலங்கையின் வன்னியில் 'இறக்குமதி' என்றதும் பழையவர்கள் எடுப்பது மிளகாய்ப் பேச்சை. எழுபதுகளில் இறக்குமதித் தடையால் கொழித்து, 1977க்குப் பின் விலை சரியக் கண்டவர்கள் மிளகாய்ச் செய்கையாளர்கள். ஆலைத் தொழிலாளர் அல்லாததால் அவர்களுக்கு இக்கட்டுரையில் இடமில்லை. ஆலை என்றால் அங்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைதான். அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் முயற்சியாக அதைச் சொல்வது வழக்கம். அதன் பிறப்பாண்டு 1954 என்றும் 1956 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. ஆலையின் தொடக்கமும் அதை நடத்திய அரசுக் கூட்டுத்தாபனத்தின் தொடக்கமும் ஒன்றாகக் கலந்ததால் இவ்வேறுபாடு வந்திருக்கலாம். அப்போது பரந்தன் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது. அது அடங்கிய கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்.

ஆலையின் வேலை எளிய இரசாயனம். பக்கத்து ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒரு முனையில் மஞ்சட்பச்சைக் குளோரின் எழும். மறுபக்கம் எரிசோடா தேங்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் போயிற்று, குளோரின் குடிநீருக்கு. 1980களின் நடுவில் போர் அந்த உற்பத்தியை நிறுத்தியது. திறந்த சந்தையில் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது விவாதத்துக்குரியது. குண்டு முந்தியதா, மலிவுச் சரக்கு முந்தியதா என்று வன்னியில் பிரித்தெடுப்பது கடினம்.

1991இல் கூட்டுத்தாபனம் அரசுக் கம்பனியாக மாறியது. பரந்தன் என்ற பெயரைச் சுமந்தபடியே அது குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு விற்கிறது. இறக்குமதியால் ஆலை போன கதைகள் உலகெங்கும் உண்டு. ஆலையே இறக்குமதியாளரானது அரிது. போரால் மூடியிருந்த ஏ-9 பாதை 2002இல் திறந்ததும் தெற்குச் சரக்கு லொறி லொறியாக வன்னியில் வந்திறங்கியது.

2009க்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அமெரிக்கத் தையற்காரருக்கு 'இறக்குமதி' என்பது இங்கே தைத்த உடுப்பாகவும் இருக்கக்கூடும். இத்தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலார் இளம்பெண்கள். நாலு வருடத்தில் வேலை போனால் கணக்குப்படி பத்து மாதச் சம்பளம் உண்டு, பணிக்கொடை இல்லை. திருமணத்துக்காகத் தாமாகவே விலகுபவர் கணக்கிலேயே வரார்.

நிலையான உதவி இல்லாவிடினும், 2020 மே மாதத்தில் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்றும் இணங்கி, பெருந்தொற்றால் வேலையின்றி இருந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது, என்று தீர்மானித்தன. 2025இல் வடக்கில் பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறைக் கைத்தொழில் வலயங்கள் மீண்டும் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்பு ஆலை திறந்தது. அதே ஆண்டில் மழை உப்பளங்களைக் கெடுக்க, தீவு உப்பை இறக்குமதி செய்தது.