வில்லின் வயசு

ஜவ்வாது மலையடிவாரச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் வீரனின் வில்லுக்குத்தான் போகும். 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலில் வீரன் பெயர், மன்னனின் ஆட்சியாண்டு, மாடு மீட்ட சண்டை எல்லாம் கிடைக்கும். அந்த வில் கையில் எப்படி இருந்தது என்பது கிடைக்காது.

மரவில்லை எந்நேரமும் நாணேற்றியே வைத்தால் அந்த வளைவு அதிலேயே தங்கிவிடும். வில் உடையாது, ஆனால் அம்பு பழைய வேகத்தில் போகாது. அதனால்தான் வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுவார்கள்.

பனிமலைக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 1998இல் சாலமன் நிறுவனம் இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ‘டென்எய்ட்டி’ பனிச்சறுக்குப் பலகையை இறக்கியது. அதன் வழியில் வந்தவை, துள்ளி விளையாடுவதற்கென்றே செய்த மென்மையான பலகைகள். நடுவில் மரம், மேலும் கீழும் கண்ணாடியிழை. மடங்கி மடங்கி நிமிர்வதில் இழையைப் பிடித்திருக்கும் பிசினில் நுண்விரிசல்கள் விழும். பலகை முழுசாகத்தான் இருக்கும், துள்ளல் போயிருக்கும்.

பொறியியல் படித்த எனக்கு ‘உழைக்கும்’ என்றால் உடையாது என்றுதான் முதலில் தோன்றும். வரலாறும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. கல் 1400 வருஷம் நின்றுவிட்டது. வில் எப்போது தளர்ந்தது என்பது அதை வளைத்த கைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.