அடிமனத்தின் கடன்

திருடியவனுக்கே தெரியாமல் ஒரு திருட்டு நடக்க முடியுமா? முடியும் என்றது நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, 1976இல். ஜார்ஜ் ஹாரிஸனின் 'மை ஸ்வீட் லார்ட்' (1970) பாட்டின் மெட்டு, ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு 1963இல் பாடிப் பிரபலமான 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டினுடையதே; ஹாரிஸன் வேண்டுமென்று எடுக்கவில்லை, அவர் அடிமனம் எடுத்துக்கொண்டது; ஆயினும் உரிமை மீறல் மீறல்தான். தீர்ப்பின் சாரம் இது.

தீர்ப்பளித்த ரிச்சர்ட் ஓவன் ஓபராக்கள் இயற்றியவர். மெட்டை இரண்டு பிடிகளாகப் பிரித்துக் கேட்டார். நம் ஸ்வரங்களில் எழுதினால் ஒன்று ப-க-ரி, மற்றது ப-த-ஸ-த-ஸ. இரண்டும் மோகனத்துக்குள் அடங்குபவை. ஒரே ராகத்தின் பிடிகள் இரண்டு கீர்த்தனைகளில் வந்தால் நாம் களவு என்பதில்லை. ஓவனும் அவற்றைத் தனித்தனியே புதுமை என்று சொல்லவில்லை. முதல் பிடி நான்கு முறை வந்து, பிறகு இரண்டாவது திரும்பத் திரும்ப வருகிற அந்த அடுக்குதான் தனிச் சொத்து என்றார்.

அடிமனம் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. கவிதை எழுதுகிற எவனும் மறுக்க முடியாது. கேட்டது மறந்து, மறந்தது மக்கி, ஒருநாள் நம்முடையதாக முளைக்கிறது. என் மறுப்பு வேறிடத்தில். ஞாபகத்தின் தடம் தேடிப் போன சட்டம், பத்திரம் வைத்திருப்பவர் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. தன்னைத் தூண்டியதாக ஹாரிஸன் சொன்னது 'ஓ ஹாப்பி டே', பதினெட்டாம் நூற்றாண்டுத் துதிப்பாடலொன்றிலிருந்து கிளைத்த தேவாலயப் பாட்டு. அந்தத் துதிப்பாடலுக்காக வழக்காட ஆளில்லை.

பத்திரம் வைத்திருந்தவர் யார்? மெட்டை இயற்றிய ரானி மாக் 1963லேயே இளம் வயதில் இறந்துபோனார். வழக்குத் தொடுத்தது பதிப்புக் கம்பெனி. அப்போது ஹாரிஸனின் மானேஜராயிருந்த ஆலன் கிளைன், 1978இல் அந்த உரிமையை 5,87,000 டாலருக்குத் தாமே வாங்கினார். நஷ்டஈடு சுமார் 16 லட்சம் டாலர் எனக் கணக்கிட்ட ஓவன், 1981இல், பழைய கட்சிக்காரரிடம் கிளைன் லாபம் பார்க்கலாகாது, போட்ட முதல் மட்டும் கிடைக்கும் என்றார்.

1997இல் அதே கிளைன் மறுபடி வருகிறார். ரோலிங் ஸ்டோன்ஸின் 'தி லாஸ்ட் டைம்' (1965) பாட்டின் வாத்திய வடிவமொன்றிலிருந்து சிறு பகுதியை வெர்வ் குழு 'பிட்டர் ஸ்வீட் ஸிம்ஃபனி'யில் எடுத்தாண்டது. உரிமை கிளைனின் கம்பெனியிடம் இருந்தது. விளைவு, ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் எழுதிய பாட்டின் வருமான உரிமை முழுவதும் கைமாறிற்று. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பித் தந்தது 2019இல். ஆனால் 'தி லாஸ்ட் டைம்' பாட்டே ஸ்டேப்பிள் ஸிங்கர்ஸ் பாடிய ஒரு தேவாலயப் பாட்டிலிருந்து எடுத்தது என்று கீத் ரிச்சர்ட்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தகராறுகளின் பின்னாலும் ஒரு தேவாலயத்தில் கூடிப் பாடியவர்கள் நிற்கிறார்கள். எந்தத் தீர்வும் அவர்களைத் தொடவில்லை. அடிமனத்துக்குக் கடன் உண்டென்று கண்டுகொண்ட சட்டம், கடன் கொடுத்தவர்களில் பதிவு செய்துகொண்டவரை மட்டுமே பார்க்கிறது. எழுதுகிற நாமும் நம் கடன்களை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.