டாக்கா காலரா ஆய்வகம்

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மொகாகாலி பகுதியில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். இன்றைய பெயர் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையம். நகரவாசிகளுக்கு இன்றும் அது 'காலரா ஆஸ்பத்திரி'தான்.

நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த 1960இல், சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசிய இராணுவக் கூட்டமைப்பின் ஆதரவோடும் பெரும்பாலும் அமெரிக்கப் பணத்தோடும் இது நிறுவப்பட்டது. பனிப்போர்க் கணக்குகள் எவ்வளவு, மருத்துவ அக்கறை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்க வேண்டும்.

டாக்காவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், மேக்னா ஆற்றுப் படுகையில் மத்லப் உள்ளது. மழைக்காலத்தில் படகில்லாமல் நடமாட முடியாத ஊர்கள் நிறைந்த பகுதி அது. 1963இல் காலரா தடுப்பூசிச் சோதனைக்காக இங்கே ஆய்வகத்தின் களநிலையம் திறக்கப்பட்டது. ஊசி தந்த பாதுகாப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அதற்காகத் தொடங்கிய கணக்கெடுப்பு நிலைத்துவிட்டது. 1966 முதல் ஒவ்வொரு வீட்டின் பிறப்பும் இறப்பும் குடிபெயர்வும் பதிவாகின்றன. முதலில் வீடு வீடாகப் போய்வந்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் களப்பணியாளர்கள் ஏட்டில் ஏற்றினார்கள். வளரும் நாடொன்றில் இத்தனை காலம் அறுபடாமல் வரும் மக்கள்தொகைப் பதிவுகள் மிகச் சில. அதன் அடித்தளம் அந்தப் பெண்களின் ஞாபகசக்தி.

ஆய்வகத்தின் புகழ் 1960களின் பிற்பகுதியைச் சார்ந்தது. வாந்திபேதி கண்டவருக்கு அப்போது இருந்த ஒரே வழி, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவது. அது கிராமங்களுக்கு எட்டாது. குளுக்கோஸ் கலந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் மணிலாவில் ராபர்ட் பிலிப்ஸ் நடத்திய சோதனையில் நோயாளிகள் சிலர் இறந்ததால் அனைவரும் தயங்கினார்கள். பின்னர் டாக்கா ஆய்வகத்தின் இயக்குநராக வந்தவரும் அதே பிலிப்ஸ்தான். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் பிடித்துக்கொண்ட வழி எளியது: வெளியேறும் அளவுக்கு நீரை வாய்வழியே திருப்பிக் கொடுப்பது. நடுவில் துளையிட்ட கட்டில், அதன் கீழே ஒரு வாளி. வாளியில் சேர்வதை நேரந்தோறும் அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பு வழித் திரவத்தின் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது. இம்முடிவுகள் 1968 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளிவந்தன. கட்டுரையை எழுதிய ஐவரில் ரஃபிகுல் இஸ்லாமும் மஜீத் மொல்லாவும் உள்ளூர் மருத்துவர்கள். வெளிநாட்டவரைப் போற்றும் வரலாறுகள் இவ்விரு பெயர்களையும் விரைந்து கடந்துவிடுகின்றன.

வாய்வழிக் கரைசலின் முன்னோடி யார் என்பது தீராத வழக்கு. கொல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953இலேயே இதுபற்றி எழுதினார். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹாலனாபிஸ் இதைப் பெருமளவில் கொடுத்து, 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். டாக்கா குழு உள்பட மூன்று தரப்புக்கும் பங்கு உண்டு எனக் கொள்வதே பொருத்தம்.

விடுதலைக்குப் பின் பணமும் உரிமையும் தெளிவற்றிருந்த நிலையில், 1970களின் இறுதியில் ஆய்வகம் சர்வதேச மையமாக மாற்றப்பட்டது.

கரைசல் மக்களிடம் போய்ச் சேர்ந்தது பிராக் என்ற தன்னார்வ அமைப்பால். 1980 முதல் பத்தாண்டில் அதன் பெண் பணியாளர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் தாய்மாருக்குக் கற்றுத்தந்தார்கள்: மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். பிறகு வேறொருவர் வந்து சோதிப்பார். தாய் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறாளோ அதற்கேற்பவே கற்றுத்தந்தவருக்கு ஊதியம்.

1985இல் மத்லப்பில் வாய்வழித் தடுப்பு மருந்துச் சோதனை தொடங்கியது. இத்துறையில் உழைத்த ஃபிர்தௌசி காத்ரி 2021இல் மகசேசே விருது பெற்றார். அதே ஆண்டு தஹ்மீத் அகமது தலைமைப் பொறுப்பேற்றார். நிறுவனம் தொடங்கி அறுபதாண்டு கழித்துத்தான் நாட்டவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலை இழந்தனர்.