வடகிழக்குப் பருவமழையும் செங்கல்பட்டுத் தொழிற்சாலைகளும்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகும். பாய்மரக் கப்பல் காலத்து வணிகர்கள் இம்மாதங்களைத் தவிர்த்தே கடல் வணிகம் செய்தனர். இன்று இப்பகுதித் தொழிற்சாலைகள் ஆண்டு முழுவதும் கடல்வழி வரும் உதிரிபாகங்களை நம்பியுள்ளன. பாகங்களை இருப்பு வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறைக்கு 'ஜஸ்ட் இன் டைம்' என்று பெயர். இம்முறையில் பருவமழைத் தடைகள் உற்பத்தியை உடனே பாதிக்கின்றன.

பாய்மரக் காலம்

பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் புகழ்பெற்ற துறைமுகமாக விளங்கியது. அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணி வணிகம் செய்தனர். சோழமண்டலக் கடற்கரையில் புயலுக்கு ஒதுங்க இடமில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. வடகிழக்குக் காற்று கப்பல்களைக் கரை நோக்கித் தள்ளும் என்பதால், பெரிய கப்பல்கள் அக்டோபரிலேயே இக்கடலை விட்டு நீங்கிவிடும்.

இதை மீறியவர்கள் இழப்பைச் சந்தித்தனர். 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபரிலும் அங்கேயே தங்கினார். அம்மாதப் புயலில் அவருடைய கப்பல்கள் பல அழிந்தன. பின்னர்ச் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களையும் உடைத்தது.

19ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தின் பின்புறமாக மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாய், கடலுக்குள் செல்லாமலே உப்பும் விறகும் கொண்டுசெல்லும் மாற்று வழியாக அமைந்தது.

தொழிற்சாலைகளின் வருகை

ஜஸ்ட் இன் டைம் முறையை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தது. இதனால் கிடங்குச் செலவும் முடங்கும் முதலும் குறைகின்றன. 1990களில் மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் தொழிற்சாலை அமைத்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இப்பகுதித் தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் இரு வழிகளில் வருகின்றன: வெளிநாட்டிலிருந்து துறைமுகம் வழியாகவும், சுற்றுவட்டாரச் சிறுதொழில் கூடங்களிலிருந்து லாரிகளிலும்.

சோதனைக் காலங்கள்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. மேற்கூறிய மூன்று தொழிற்சாலைகளிலும் உற்பத்தி நின்றது. சாலை, ரயில் போக்குவரத்து தடைப்பட்டது. விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளும் பாதிக்கப்பட்டன. பெரிய தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகாவிட்டாலும், ஒரு சிறு பாகம் வராமல் போனால் வண்டி முழுமையடையாது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆயினும் அதன் மழையால் செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பெகாட்ரான் கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது.

இடரும் தீர்வும்

புயல் நெருங்கும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்படுகின்றன. புயல் ஓய்ந்த பிறகு காத்திருந்த கப்பல்கள் ஒன்றாகத் திரும்புவதால் நெரிசல் ஏற்படுகிறது. ஒருநாள் புயலின் தாமதம் பல நாள் நீள்வது இதனால்தான். இந்தச் சுமை ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சிறுதொழில் முனைவோரையும் முதலில் தாக்குகிறது. வேலை நின்றால் அவர்களுக்கு அன்றைய வருவாயும் நின்றுவிடும்.

பூகம்பத்தைப் போலன்றி, பருவமழை வரும் மாதங்கள் முன்பே தெரிந்தவை. எனவே செப்டம்பருக்குள் முக்கியப் பாகங்களைக் கூடுதலாக இருப்பு வைத்தல், கிடங்குகளை ஏரிகளின் உபரிநீர் செல்லும் பாதையில் கட்டாமல் மேட்டு நிலத்தில் அமைத்தல், மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களை மாற்று வழியாக வைத்திருத்தல் ஆகியவை பயன்தரும். இருப்பு வைப்பதற்குச் செலவு உண்டு. ஆனால் அது மூன்று மாதங்களுக்கு மட்டுமே தேவைப்படும் செலவு. பருவத்தை அறிந்து சரக்கைத் திட்டமிடுவது இக்கடற்கரை வணிகர்கள் முன்பே கைக்கொண்ட வழக்கமே ஆகும்.