ஹெரால்டு வண்டிக்கு முதலில் எதை மாற்றுவது?

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த பேரன், கொட்டகையில் நிற்கும் வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல மாருதி இன்ஜினையும் அஞ்சு கியர் பாக்ஸையும் போட்டா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பறக்கும். செய்யலாமா?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறக்குறைய இதே கேள்வியை 1979-இல் நான் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அதனால் வந்த வினை எனக்குத்தான் தெரியும்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966-ஆம் வருஷத்தது, இரண்டு கதவு. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்துவந்த அப்பா, 1974-இல் சென்னையில் பழைய வண்டியாக வாங்கினார். நம்மூரில் அம்பாசடரும் ஃபியட்டும்தான் கார் என்று இருந்த காலம். ஹெரால்டின் முன்மூடி, மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜினும் முன்சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். புதுக்காமூர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வீட்டு வாசலில் கூடுவார்கள்.

இந்த வண்டி பிறந்தது இங்கிலாந்தில். டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. உருவம் வரைந்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இல் இதைச் செய்யத் தொடங்கியது. வண்டலூர்ப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். இன்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். இங்கிலாந்து வண்டியில் அதன் சக்தி முப்பத்தைந்து குதிரைத் திறனை ஒட்டித்தான் இருந்தது. குடும்பத்தோடு வேலூர் போய்வர அது தாராளம்.

ஆனால் இதே வண்டிக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் தம்பி உண்டு. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே இருவர் உட்காரும் திறந்த உடலை வைத்து, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தது. இன்ஜினும் அதே வம்சம்தான். ஸ்டாண்டர்டு 8 காருக்காக 803 சி.சி.யில் தொடங்கி, 948, 1147, 1296 என்று வளர்ந்து, கடைசி ஸ்பிட்ஃபயரில் 1493 சி.சி.யில் வந்து நின்றது. ஆகவே ஹெரால்டு வைத்திருப்பவனுக்கு, "நம்ம வண்டிக்குள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தூங்குது" என்ற எண்ணம் வருவது இயற்கை.

எனக்கு அந்த எண்ணம் சோழவரத்தில் வந்தது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை சோழவரம்தான் நமக்கு எல்லாம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி எளிதில் நடக்காத காலம். ஆகவே ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, சீவி, குடைந்து பந்தய வண்டி ஆக்கினார்கள். பின்னாளில் கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி வண்டிகளைச் செய்ததும் இந்த வழியில் வந்ததுதான். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் இன்று கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

1979-இல் நண்பர்களோடு பஸ் ஏறிப் போய்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவன், அப்பாவிடம் இரட்டைக் கார்புரேட்டர் போடலாமா என்று கேட்டேன். அவர் தறிக்காரர் பாஷையில் பதில் சொன்னார்: "ஜக்கார்டு பெட்டிய ஏத்துறதுக்கு முன்னாடி தறிக் கம்பத்தப் பாக்கணும்டா. ஓடுறது இருக்கட்டும், நிக்கிறதப் பாரு."

குழித்தறியில் சாதா பார்டர் நெய்தவரை எந்தக் கம்பமும் தாங்கும். மேலே ஜக்கார்டு ஏறினால் பாரம் கூடும். மிதிக்கு மிதி ஆட்டம் கூடும். கம்பம் ஆடினால் டிசைன் கெடும், இழை அறும். நம்மூரில் எந்தத் தறிக்காரருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் காதில் ஏறவில்லை. புதுப்பேட்டையில் தேடி இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வாங்கி வந்து மாட்டினேன். வண்டியின் குரலே மாறிப்போனது. கண்ணமங்கலம் ரோட்டில் அம்பாசடர்களைத் தாண்டும்போது எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1981-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி, இரண்டு குழந்தைகளோடு வேலூரிலிருந்து நல்ல வேகத்தில் வந்தேன். ஊருக்குள் நுழைந்து, எங்கள் தெருவுக்குத் திரும்புகிறேன். அப்போது வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். படீரென்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கம் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் உள்பக்கமாக மடிந்து கிடக்கிறது.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் திருகு மரை உண்டு. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை போகாது. உள்ளே தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும், இறுகும், ஒருநாள் தண்டு முறியும். எங்கள் வண்டிக்கு மற்ற வண்டிகளுக்குப் போல வருஷக்கணக்காக கிரீஸ்தான் அடித்திருந்தோம். மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். கார்புரேட்டருக்கு நூற்றுக்கணக்கில் செலவழித்த நான் ஒருநாளாவது அந்தப் பக்கம் குனிந்து பார்த்தேனா? அது அரைமணி முன்னால், கண்ணமங்கலம் ரோட்டுப் புளியமரங்களுக்கு நடுவில் முறிந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த வண்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவசரத்தில் நான் செய்த தப்பைப் பெரிய கம்பெனிகளும் நிதானமாகச் செய்திருக்கின்றன. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், இருபுறமும் தனித்தனியே ஏறி இறங்கும் அரை ஆக்சில். வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடிப்பு போகும். சிறிய இன்ஜினில் இது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஸ்பிட்ஃபயரில் சக்தி 63 குதிரைக்கு ஏறியதும் தெரிந்தது. முன் டிஸ்க் பிரேக்கை முதல் நாளே கொடுத்தவர்கள், பின் ஆக்சிலைச் சரிசெய்ய 1970 வரை எடுத்துக்கொண்டார்கள். ஸ்பிரிங்கின் நடுப்பட்டைகள் அசையும்படி விட்டு, முன்னால் கனமான ஆன்டி ரோல் பாரைப் போட்டதும் அந்தக் குணம் பெருமளவு அடங்கியது. அமெரிக்காவில் கார்வேர் என்ற காரின் ஸ்விங் ஆக்சிலை வைத்துத்தான் ரால்ஃப் நேடர் 1965-இல் தன் புகழ்பெற்ற புத்தகத்தைத் தொடங்கினார்.

நம் சென்னைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி 'கெஸல்' என்று கொண்டுவந்தபோது, ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டுச் சாதாரண முழு ஆக்சிலை வைத்தார்கள். நம்மூர் ரோட்டுக்கும் நம்மூர் மெக்கானிக்குக்கும் அதுதான் ஒத்துவந்தது. இன்ஜினை அதே 948 சி.சி.யாகவே விட்டுவிட்டார்கள். இதை வாசித்தபோது அப்பாவின் குரல்தான் கேட்டது.

2009-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வண்டியைக் கையில் எடுத்தேன். செய்த வரிசையைச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் டிரன்னியனும் செங்குத்துத் தண்டும் இரண்டு பக்கமும் புதிது. இங்கிலாந்தில் இவை இன்றும் செய்யப்படுகின்றன. லண்டனில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவந்தார். அடுத்து பிரேக். ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க் ஹெரால்டுக்குப் பொருந்தும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரையும் குழாய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. மூன்றாவது, பின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், நல்ல டயர். நான்காவது, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். என் வண்டியில் பிளஸ் எர்த். ஆல்டர்னேட்டர் போடுமுன் அதை மைனஸ் எர்த்தாக மாற்ற வேண்டியிருந்தது. இதனால் ராத்திரியில் விளக்கு மங்குவது நின்றது.

இன்ஜினுக்குக் கடைசி இடம். அதிலும் ஒரு சோதனை: ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது கழன்று விழுந்தால் இன்ஜின் பிளாக்கே போய்விடும். அதைச் சரிசெய்தபின், பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றி, பழைய ஒற்றையையே மாட்டினேன். அந்த எஸ்.யூ. இரண்டும் இப்போது அலமாரியில் இருக்கின்றன.

பேரனுக்கு இதையெல்லாம் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதோடு 2021-இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மாருதி இன்ஜின் ஏறினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ நான் என்னதான் செய்யட்டும் தாத்தா?" என்றான். ஆயில் கேனை எடுத்துக் கையில் கொடுத்தேன். பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு டிரன்னியனிலும் எண்ணெய் கசிந்து வரும்வரை விட்டான். சாயங்காலம் அவனே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணமங்கலம் வரை போய்வந்தோம். அம்பது கிலோமீட்டருக்கு மேல் நான் விடவில்லை.